தீவாந்தரம் போனவர்கள்

நான் முப்பத்தைந்து வருஷங்களாகக் குடியிருக்கும் சுனாபட்டி, ஹார்பர் லைனில் குர்லாவுக்கு முந்தைய ஸ்டேஷன். மும்பை அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் காளவாய். சுண்ணாம்பு சுட்ட இடம் என்பதால் வந்த பெயர். காளவாய் எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் சுண்ணாம்பைப் பற்றி எனக்கு ஒரு புதிய பாடம் சிங்கப்பூரில் கிடைத்தது. அதை நம் பத்திரிகையில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

பிள்ளை அங்கே உத்தியோகத்தில் இருப்பதால் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் போய்த் தங்கியிருந்தோம். பேத்தி ஒரு நாள் எங்களை ஊருக்கு நடுவே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போனாள். வெள்ளை வெளேரென்ற சுவர்கள். தொட்டால் சலவைக்கல்லைப் போல வழுவழுப்பு. "தாத்தா, இதைக் கட்டினது நம்மூர்க் கைதிகளாம், ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தா" என்றாள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்துப் பூசிய சுவராம் அது. முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி "கையை அலம்பிண்டு வாங்கோ" என்றாள்! எனக்கோ காலேஜில் ரசாயனம் படித்ததெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

சிப்பியைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீர் விட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வெல்லம் சுண்ணாம்பை நன்றாகக் கரைய வைக்கும். முட்டையின் புரதம் பிடிமானம் தரும். காய்ந்து வரும்போது உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அதே கைவேலை. இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'மெட்ராஸ் சுன்னம்'. அது சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த விதம்தான் நம்மில் பலருக்குத் தெரியாத சரித்திரம்.

கடல் தாண்டும் பயம்

'தீவாந்தர சிட்சை' என்றால் நமக்கெல்லாம் உடனே ஞாபகத்துக்கு வருவது அந்தமான். ஆனால் அந்தமானுக்கு 1858-ம் வருஷம் மார்ச் 10-ந் தேதி முதல் கைதிகள் போய் இறங்குவதற்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே இந்தத் தண்டனை நடைமுறைக்கு வந்துவிட்டது. 1787 முதல் சுமத்ரா தீவின் பென்கூலனுக்கும், பிறகு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும், மொரீஷியஸுக்கும், பர்மாவின் அரக்கான், தெனாசரிம் கரைகளுக்கும் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் கைதிகளைக் கப்பலேற்றினார்கள். மலாயாக் கரைக்கு மட்டும் சுமார் 15,000 பேர் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பம்பாய் மாகாணத்தில் தீவாந்தரக் கைதிகளைச் சேர்த்து வைத்த இடங்களில் முக்கியமானது தாணே சிறை. போர்த்துகீசியர் கட்டிய கோட்டை அது; இன்றும் சிறையாகவே இருக்கிறது. தாணேயில் வசிக்கும் நம் அங்கத்தினர்கள் அதன் மதிலை அடிக்கடி தாண்டிப் போயிருப்பார்கள்.

யார் இவர்கள்? கொலை செய்தவர்கள், கொள்ளைக்காரர்கள், தக்கிகள் உண்டு. பஞ்ச காலத்தில் திருடியவர்களும் உண்டு. சர்க்காரை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களும் உண்டு. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் பினாங்குக்கு அனுப்பினார்கள். துரைசாமி அப்போது பால்யம் மாறாத பையன்.

தூக்குத் தண்டனையைக் காட்டிலும் இந்தியர்கள் அதிகமாக அஞ்சுவது கடல் தாண்டுவதற்கே என்று கம்பெனி அதிகாரிகள் திடமாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். போதாயன தர்ம சூத்திரத்திலேயே சமுத்திர யாத்திரை, மனுஷனைப் பதிதனாக்கும் காரியங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. என் பாட்டனாரின் சித்தப்பா ரங்கூனில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துத் திரும்பியபோது பிராயச்சித்தம் பண்ணிக்கொண்ட பிறகே பந்தியில் உட்கார வைத்தார்களாம். கணித மேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்து போக அவர் தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. 1920-ல் அவர் காலமானபோது, கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினரில் பலர் கிரியைகளுக்கு வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கப் போன மேதைக்கே இந்த நிலை. விலங்கு மாட்டி அனுப்பப்பட்டவன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் நம் வாசகர்கள் அறிய வேண்டியது. காசி பிரதேசத்தில் 1795-ல் கம்பெனி ஒரு விதி செய்தது. அதன்படி பிராமணன் கொலையே செய்திருந்தாலும் அவனுக்குத் தூக்கு கிடையாது. அதற்குப் பதிலாகத் தீவாந்தரம். சாஸ்திரத்துக்கு மரியாதை கொடுப்பது போலக் கொடுத்து, அதே சாஸ்திரம் விலக்கிய கடலில் ஏற்றினார்கள். 1817-ல் அந்த விதி நீக்கப்பட்டது.

போகிறவனுக்கு நெற்றியில் பச்சை குத்தும் வழக்கமும் இருந்தது. பெயரையும் குற்றத்தையும் நெற்றியில் பொறிக்க வேண்டும் என்று 1797-ல் வங்காளத்திலும் 1802-ல் சென்னை மாகாணத்திலும் சட்டம் செய்தார்கள். 1849-ல்தான் இது ஒழிந்தது. அக்கரையில் இந்தக் கைதிகள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

தண்டனையா, வேலைக்கு ஆளா?

இந்த விஷயத்தில் கொஞ்சம் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பயமுறுத்துவது மட்டும் நோக்கமாக இருந்தால், ஆள் இல்லாத தீவு எதிலாவது கொண்டு விட்டாலே போதும். ஆனால் கைதிகள் போன இடங்களெல்லாம் காடு திருத்தவும், சாலை போடவும், கோட்டை கட்டவும் ஆள் தேவைப்பட்ட இடங்களாகவே இருக்கின்றன.

ஆங்கிலேயர் தங்கள் சொந்த ஜனங்களிடமும் இதைத்தான் செய்தார்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,60,000 கைதிகள் ஆஸ்திரேலியா போனார்கள். நியூ சவுத் வேல்ஸில் கைதிகளைக் குடியேறிய பண்ணைக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பண்ணைக்காரன் சோறும் துணியும் கொடுக்க வேண்டும், சம்பளம் கிடையாது. கைதி சொன்னபடி கேட்கவில்லை என்றால் எஜமான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் சொல்லிச் சவுக்கடி வாங்கித் தரலாம். நல்ல எஜமான் வாய்த்தால் பிழைத்தான், இல்லாவிட்டால் நரகம். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை பெற்ற இருவரின் தலையெழுத்து, எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. 1838-ல் மோல்ஸ்வொர்த் தலைமையிலான பார்லிமென்டுக் குழு இந்த ஏற்பாட்டை அடிமை முறைக்குச் சமம் என்று கண்டித்தது. 1840-ல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவதே நின்றது.

நம் கைதிகள் விஷயத்தில் பெரும்பாலும் சர்க்காரே எஜமான். ஆனாலும் பினாங்கிலும் ஆரம்ப காலச் சிங்கப்பூரிலும் சிலரை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வேலைக்காரர்களாகக் கொடுத்தார்கள். கொலைக் குற்றவாளி என்று பதிவானவன் துரை வீட்டில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதும் சகஜமாக இருந்தது.

டார்வின் பார்த்தது

மொரீஷியஸ் 1810-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகள் இருந்தார்கள், ஆனால் சாலை போடப் புதிய ஆள் இல்லை. கவர்னர் ஃபார்கர் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கேட்டு வாங்கினார். 1815 முதல் 1837 வரை வங்காளத்திலிருந்தும் நம் பம்பாயிலிருந்தும் சுமார் 1,500 பேர் போனார்கள். பெரும்பாலோர் சாலையும் பாலமும் போட்டார்கள். ஒரு பகுதியினரைத் தோட்டக்காரர்களிடமும் வேறு தனியாரிடமும் வேலைக்கு விட்டார்கள்.

1836-ம் வருஷம் சார்லஸ் டார்வின் தம் உலகப் பிரயாணத்தில் போர்ட் லூயிஸில் சில நாள் தங்கினார். அப்போது அங்கே எண்ணூறு இந்தியக் கைதிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். வெண்தாடியும் கருத்த மேனியுமாக அவர்கள் நின்ற கம்பீரம் அவரை அசத்திவிட்டது. அமைதியானவர்கள், சுத்தமானவர்கள், தங்கள் ஆசாரத்தை விடாதவர்கள் என்று பாராட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவில் பார்த்த தம் நாட்டுக் கைதிகளோடு இவர்களை ஒரே கண்ணால் பார்க்க முடியவில்லை என்பது அவர் அபிப்பிராயம். பிராணிகளையும் செடிகளையும் உற்று நோக்கிய அந்த விஞ்ஞானி மனுஷர்களையும் கவனித்திருக்கிறார்.

இந்தக் கைதிகள் உழைத்ததைத் தோட்ட முதலாளிகளும் கவனித்தார்கள். 1834 நவம்பர் 2-ந் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயிஸ் வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு லட்சக்கணக்கில் இந்தியர்கள் கூலிகளாகப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்களுக்கு முன்னால், விலங்கோடு வழி போட்டவர்கள் இந்தக் கைதிகள்.

தங்களுக்குத் தாங்களே காவல்

பென்கூலனில் 1818-ல் லெப்டினன்ட் கவர்னராக வந்த ராஃபிள்ஸ், கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். நன்னடத்தை உள்ளவர்கள் முதல் வகுப்பு. அவர்கள் நிலம் வைத்துக் குடியிருக்கலாம், கோர்ட்டில் சாட்சி சொல்லலாம். நடுவில் இருப்பவர்கள் சாதாரண வேலை. மோசமானவர்கள் கடும் வேலை. 1824-ல் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை ஆகிப் பென்கூலன் கைமாறவே, கைதிகளை இடம் மாற்றினார்கள். 1825 ஏப்ரல் 18-ந் தேதி 'ஹொரேஷியோ' என்ற கப்பலில் சிங்கப்பூரில் வந்து இறங்கிய முதல் கூட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர். ஒரு வாரத்தில் வங்காளத்தவர் 122 பேர் வந்தார்கள்.

அந்தச் சிங்கப்பூரில் அன்று சதுப்பும் காடும் புலியும்தான். கைதிகள் சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், புலி வேட்டைக்கும் போனார்கள். காவலுக்கு வெள்ளைக்காரர்கள் போதாததால் கைதிகளிலேயே நம்பகமானவர்களை மேஸ்திரிகளாகவும் வார்டர்களாகவும் நியமித்தார்கள். இவர்களில் ஒரு பதவிக்குப் பெயர் 'டிண்டல்'. இது நம் தண்டேல்தான்! கடைசிக் காலத்தில் சிறைக்குப் பொறுப்பாயிருந்த மேஜர் மக்நேர் 1899-ல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே, கைதிகள் தங்களுக்குத் தாங்களே காவலர் என்ற பொருளில் அமைந்தது.

அவர்களுக்குத் தச்சு, கொல்லு, கல் உடைத்தல், செங்கல் அறுத்தல், தையல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அச்சு வேலையும் போட்டோ எடுப்பதும் கூடக் கற்றவர்கள் உண்டு. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம், 1862-ல் பிரதிஷ்டையான செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1869-ல் முடிந்த கவர்னர் மாளிகை ஆகியவை இவர்கள் கைவேலை. அந்த மாளிகையே இன்று சிங்கப்பூர் ஜனாதிபதியின் இல்லமான இஸ்தானா. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலின் பழைய கட்டடத்திலும் கைதிகளாகப் போன தமிழ்க் கைவினைஞர்களின் உழைப்பு இருப்பதாக நம்புகிறார்கள். அந்தக் கோவிலில் நாங்கள் அர்ச்சனை செய்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒரு பிரதட்சிணம் வந்திருப்பேன்.

நல்ல நடத்தைக்கு விடுதலைச் சீட்டுக் கிடைக்கும். சீட்டுப் பெற்றவர்கள் மாடு வைத்துப் பால் விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டு குடித்தனம் செய்தார்கள். ஆனால் எல்லாம் சுகமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். காலில் சங்கிலியோடு வேலை செய்தவர்களும், காய்ச்சலில் மாண்டவர்களும், ஊரைப் பார்க்காமலே கண்ணை மூடியவர்களும் ஏராளம். நாளடைவில் சிங்கப்பூர் பெரிய துறைமுகமானது. கூலிக்கு ஆள் தாராளமாக வந்தார்கள். கைதிகளின் உழைப்பால் எழுந்த ஊரின் வியாபாரிகளே, இனிக் கைதிகளை இங்கே அனுப்பாதீர்கள் என்று மனுப் போட்டார்கள். 1873-ல் அந்தச் சிறை ஏற்பாடு கலைக்கப்பட்டு, மிச்சமிருந்த ஆயுள் கைதிகள் அந்தமானுக்குப் போனார்கள். தேவை தீர்ந்த பிறகு தண்டனையும் அந்த ஊரை விட்டுப் போய்விட்டது என்பதை கவனியுங்கள். என் சந்தேகத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமோ?

எதிர்த் திசையில் வந்தவர்கள்

இந்தக் கப்பல்கள் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. மலாயாக் கரையில் தண்டனை பெற்ற சீனர்களையும் மலாய்க்காரர்களையும் இங்கே அனுப்பினார்கள். நம்மவருக்குப் பினாங்கு எப்படித் தீவாந்தரமோ, அப்படி அவர்களுக்குப் பம்பாயும் சென்னையும் தீவாந்தரம்!

எண்பதுகளில் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு மகாபலேஷ்வர் போனபோது 'சைனாமேன் ஃபால்ஸ்' என்ற அருவியைப் பார்த்தோம். இங்கே சைனாக்காரன் எங்கே வந்தான் என்று யோசித்தேனே தவிர விசாரிக்கவில்லை. பிற்பாடு பழைய சதாரா கெஜட்டியரைப் புரட்டியபோது பதில் கிடைத்தது. மகாபலேஷ்வர் கவர்னர் மால்கம் காலத்தில், 1828-29 வாக்கில் கோடைவாசஸ்தலமானது. 1834-ல் அங்கே சீனக் கைதிகளுக்கென்று ஒரு சிறை ஏற்பட்டு 1864 வரை நடந்தது. அந்தக் கைதிகள் உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறிகளும் பயிர் செய்தார்கள், கூவைக்கிழங்கு மாவு தயாரித்தார்கள், கூடை முடைந்தார்கள். துரைமார்களின் சாப்பாட்டு மேஜைக்கு அவர்கள் தோட்டத்துக் காய்தான். அந்தத் தோட்டங்கள் இருந்த பக்கமாக விழும் அருவிக்கு அவர்கள் பெயர் நின்றுவிட்டது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் இடம் உண்டு. நீலகிரியில் 1860-ல் மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காகச் சின்கோனா பயிரிட ஆரம்பித்தார்கள். நடுவட்டம் தோட்டங்களில் வேலை செய்யச் சென்னை மாகாணச் சிறைகளில் இருந்த சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கும் அவர்களில் சிலரை உபயோகித்தார்கள். விடுதலையான சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடியேறி, உள்ளூர்த் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறித் தோட்டமும் கொஞ்சம் காப்பியும் பசு மாடுமாகப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-களில் இந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டார். அந்தக் குழந்தைகள் அப்பாவின் ஊரைப் பற்றி என்ன கேட்டு வளர்ந்தன என்பதை அவர் குறிக்கவில்லை. சயன்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

நாம் நினைக்க வேண்டியது

கைதிகளைப் பற்றிய பதிவேடுகள் ஏராளமாக இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஜாதி, உயரம், மச்சம், குற்றம், கப்பல் எல்லாம் சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. நானும் சர்க்கார் உத்தியோகத்தில் ஆயுள் முழுக்க ரிஜிஸ்தர் எழுதியவன்தான். ரிஜிஸ்தரில் ஆள் அடையாளம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். இக்கரையில் பெற்றவர்களும் பெண்டாட்டியும் எத்தனை நாள் காத்திருந்தார்கள், போனவனுக்கு எப்போது கர்மா பண்ணினார்கள், வம்சாவளி எழுதும்போது அவன் பெயரைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதற்கெல்லாம் பத்தி கிடையாது. கடல் தாண்டியவன் செத்தவனுக்குச் சமம் என்ற எண்ணம் ஊரில் இருந்தபடியால் அவனைத் தேடுவாரும் இல்லை. சர்க்கார் விதித்தது நாடு கடத்தல். மறப்பது என்ற தண்டனையை நாம் சேர்த்து விதித்தோம்.

இன்று நம் சங்கத்தில் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து போகாத குடும்பம் அபூர்வம். பிராயச்சித்தம் கேட்பார் யாரும் இல்லை. எத்தனை மாதம் இருந்துவிட்டு வந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். சந்தோஷம். அங்கத்தினர்கள் அடுத்த தடவை சிங்கப்பூர் போகும்போது அந்த வெள்ளைச் சுவரை ஒரு தரம் தொட்டுப் பாருங்கள். மகாபலேஷ்வர் போனால் அந்த அருவியின் பெயர்க் காரணத்தைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லுங்கள்.

நான் செய்வது ஒன்று உண்டு. அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தகப்பனோ பந்துவோ சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவர்களுக்காக நாம் எல்லோரும் ஜலம் விடுகிறோம். அறுபது வருஷமாக வாத்தியார் சொல்ல நானும் சொல்லி விட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிறகு அந்த ஜலத்தை விடும்போது, தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அரைத்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.